தூய்மைக்கு அளவை யாது? — பனஞ்சாறும் ஈஸ்டின் நொதியும்

தோற்றுவாய்

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவோர்க்கு முதற்கண் எழும் வினா, எது ஆசிரியன் வாக்கு, எது பிற்காலத்தார் சேர்க்கை என்பதாகும். தென்காசியை அடுத்த குற்றாலத்தில் தம் பிற்கால வாழ்வைக் கழித்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) இவ்வினாவிற்குத் தமக்கே உரிய முறையில் விடை கண்டார். கம்பன் காவியத்துள் சுவை குன்றியனவாகத் தமக்குத் தோன்றிய செய்யுட்களை இடைச்செருகல் என விலக்கி, எஞ்சியவற்றைக் 'கம்பர் தரும் இராமாயணம்' என்னும் பெயரால் வெளியிட்டார். சுவடிச் சான்றினைத் துணைக்கொள்ளாது, சுவை ஒன்றையே கொண்டு விலக்குதல் தகுமோ எனப் புலவர் பலர் மறுத்துரைத்தனர். அவ்வழக்கு தமிழ்த்துறை வகுப்பறைகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இவ்வழக்கின் அடியிற் கிடப்பது ஒரு பொதுவினா. கலப்புடைய ஒரு பொருளினின்று வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கிச் செல்லுங்கால், இனி நீக்குதற்கு ஒன்றுமில்லை, தூய்மை எய்திவிட்டது என்பதனை எவ்வளவையால் அறிவது? இதே வினாவினை உயிர்வேதியியல் அறிஞரும் எதிர்கொண்டனர். பெரும்பிழையொன்று செய்து, பின்னர் அதனைத் திருத்தித் தெளிவும் பெற்றனர். ஈஸ்ட் என்னும் ஒற்றைச் செல் உயிரியினின்று இன்வர்டேஸ் என்னும் நொதியினைப் பிரித்தெடுத்த வரலாறு அப்பிழையையும் தெளிவையும் நன்கு காட்டுவதாம். இலக்கியம் பயின்ற யாம் இப்பொருள்பற்றி எழுதப் புகுந்தமைக்குக் காரணம் இரண்டு. இந்நொதியின் செயல் எம்மைச் சூழ்ந்த பனங்காடுகளில் நாள்தோறும் நிகழ்வது என்பது ஒன்று. அவ்வறிஞர் கண்ட அளவை நூலாராய்ச்சியாளர்க்கும் பயன்படும் என்பது மற்றொன்று.

பதநீரும் சுண்ணாம்பும்

தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்கள் சாரலுக்குப் பெயர்பெற்றவை. ஆயினும், மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே சில கல் தொலைவு சென்றால் நிலம் வறண்டு, பனைமரங்கள் நிரை நிரையாகத் தோன்றும். பனையின் பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கப்பெறும் சாறு, இருவேறு பொருளாக மாறும் இயல்புடையது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பின் அது பதநீர், தடவாதிருப்பின் கள். மரம் ஒன்று, சாறும் ஒன்று. இடையே நிற்பது சிறிதளவு சுண்ணாம்பே.

பனங்காடொன்றில் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் இதுபற்றி யாம் வினவினோம். அவர், "கலயத்துல சுண்ணாம்பு தப்பிச்சுன்னா கருப்பட்டி கட்டாதுய்யா, எம்புட்டுக் காய்ச்சுனாலும் பாகாவே கெடக்கும்" என்றார். இக்கூற்றுள் ஒரு வேதியியல் உண்மை முழுமையாக அடங்கியுள்ளது.

பனஞ்சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 10 முதல் 13 பங்கு சர்க்கரை உண்டு. அதன் பெரும்பகுதி சுக்ரோஸ் எனப்படும். கரும்பிலுள்ள சர்க்கரையும் இதுவே. சுக்ரோஸ் என்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு சிறு சர்க்கரைகள் ஒன்றோடொன்று பிணைந்து உண்டான பொருள். பிணைப்பு உள்ளவரை அஃது எளிதிற் கட்டியாகும், கற்கண்டாகவும் விளையும். பிணைப்பு அறுந்து இரண்டும் பிரிந்துவிடின், அக்கலவை ஈரத்தை விடாது பற்றிக்கொண்டு பாகாகவே நிற்கும். தேன் உறையாது ஒழுகுதற்கும் இதுவே காரணம்.

அப்பிணைப்பினை அறுப்பது யாது? காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இயல்பாகவே வாழும் ஈஸ்ட், சாற்றில் விழுந்து பெருகுகின்றது. ஈஸ்ட் செல்லுக்குச் சுக்ரோஸை அவ்வாறே உட்கொள்ளுதல் எளிதன்று. ஆதலின், தன் செல்சவ்விற்கு வெளியே, செல்சுவரை ஒட்டிய இடத்தில், இன்வர்டேஸ் என்னும் நொதியை வைத்துச் சுக்ரோஸை அங்கேயே இரண்டாகப் பிளந்து, பிளவுகளை உள்ளே ஈர்த்துக்கொள்கின்றது. உட்சென்றவை பிற நொதிகளால் மேலும் சிதைந்து சாராயமும் கரியமில வாயுவும் ஆகின்றன. சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அஃது ஈஸ்டின் பெருக்கத்தைத் தடுக்கின்றது; மிகுந்த காரத்தில் இன்வர்டேஸின் செயலும் நின்றுவிடுகின்றது. அன்றியும், புளித்த சாற்றிலுள்ள அமிலம், காய்ச்சும் சூட்டோடு சேருமாயின் நொதியின்றியும் சுக்ரோஸைப் பிளக்கவல்லது. அதனையும் சுண்ணாம்பு தடுக்கின்றது. ஆதலின், பனையேறுவோர் கலயத்திற் பூசும் சுண்ணாம்பு ஒரு நொதித்தடை என்று கூறுதல் மிகையாகாது.

சொல்லும் பொருளும்

ஈண்டு 'நொதி' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மாவும் சாறும் புளித்துப் பொங்கி நுரைத்தலை நொதித்தல் என்பது தமிழ் வழக்கு. அவ்வினைச்சொல்லின் அடியே, அதனை நிகழ்த்தும் பொருளுக்குப் பெயராக இன்று வழங்குகின்றது. ஈழத்துத் தமிழர் 'நொதியம்' என்பர். செருமானிய அறிஞர் கூன என்பார் 1877-இல் இப்பொருளுக்கு 'என்சைம்' எனப் பெயரிட்டபோது, 'ஈஸ்டின் உள்ளிருப்பது' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களினின்றே அதனை ஆக்கினார். ஆகவே இருமொழியாரும் புளித்துப் பொங்கும் நிகழ்ச்சியினின்றே இப்பெயரைப் பெற்றனர்.

நொதி என்பது ஒரு வினையூக்கி. தான் செலவாகாமல், ஒரு வேதிவினையை மிக விரைவாக நிகழச் செய்வது அதன் தொழில். எந்தப் பொருளின்மேல் அது தொழிற்படுகின்றதோ அப்பொருளை வினைப்படுபொருள் எனலாம். இன்வர்டேஸுக்குச் சுக்ரோஸ் வினைப்படுபொருள். உயிரின் உடம்பில் உணவு சிதைவதும், அதனால் ஆற்றல் பிறப்பதும், புதிய உறுப்புகள் ஆவதும் ஆகிய வளர்சிதைமாற்றம் அனைத்தும் இத்தகைய நொதிகள் பல ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்படுவதால் நடைபெறுவனவே.

'இன்வர்டேஸ்' என்னும் பெயர்க்கும் காரணம் உண்டு. ஒரே தளத்தில் அதிரும்படி அமைக்கப்பெற்ற ஒளியைச் சர்க்கரைக் கரைசலூடே செலுத்தினால், அவ்வொளியின் தளம் ஒருபக்கம் திரும்பும். சுக்ரோஸ் அதனை வலப்பக்கம் திருப்புவது. அதன் திருப்புதிறன் +66.5 பாகை. அது பிளந்தபின் உண்டாகும் குளுக்கோஸ் வலப்பக்கமும், ஃபிரக்டோஸ் அதனினும் வன்மையாக இடப்பக்கமும் திருப்புதலின், கலவையின் திருப்புதிறன் ஏறத்தாழ −20 பாகை ஆகின்றது. வலம் இடமாக மாறுதலின் இந்நிகழ்ச்சிக்குத் 'திருப்பம்' எனும் பொருளில் 'இன்வர்ஷன்' என்று பெயரிட்டனர். அதனைச் செய்யும் நொதி இன்வர்டேஸ் ஆயிற்று. போலாரிமீட்டர் என்னும் கருவியால் இத்திருப்பத்தை நிமிடந்தோறும் அளந்து, நொதி எவ்வளவு விரைவாகத் தொழிற்படுகின்றது என்பதனைக் கண்ணாரக் காணலாம். நொதியைக் கண்ணாற் காணவியலாத அக்காலத்தில், அதன் வினையை அளந்தே அதன் இருப்பை உணர்ந்தனர்.

பிரித்தெடுக்கும் முறை

1860-இல் பிரெஞ்சு அறிஞர் பெர்த்தெலோ, ஈஸ்டை ஊறவைத்த நீரில் சாராயம் சேர்த்து, சுக்ரோஸைப் பிளக்கவல்ல ஒரு வீழ்படிவைப் பெற்றார். செல் இறந்தபின்னும் அதன் ஒரு தொழில் நிகழக்கூடும் என்பதனை இது காட்டிற்று. சாராய நொதிப்போவெனில், உயிருள்ள செல்லினின்று பிரிக்கவொண்ணாதது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1897-இல் புக்னர், ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்த சாறே சர்க்கரையைச் சாராயமாக்கும் எனக் காட்டி அக்கருத்தையும் மாற்றினார். 1907-இல் வேதியியலுக்கான நோபல் பரிசும் பெற்றார்.

இன்றைய ஆய்வுக்கூடத்தில் இன்வர்டேஸைத் தூய்மை செய்யும் முறையைப் படிப்படியாகக் காண்போம். முதற்படி, செல்லைச் சிதைத்தல். அடுமனை ஈஸ்டோடு தொலுயீன் போன்ற கரைப்பானைச் சேர்த்து வைத்திருப்பின் செல்கள் தாமே சிதைந்து உள்ளீட்டை வெளிவிடும்; மணலோடு அரைத்தலும் உண்டு. இரண்டாம் படி, மையவிலக்கியில் விரைந்து சுழற்றிச் செல்சுவர்த் துணுக்குகளை அடியில் தங்கச் செய்து, மேலே தெளிந்த நீரைப் பெறுதல். இத்தெளிநீரில் இன்வர்டேஸோடு நூற்றுக்கணக்கான பிற புரதங்களும் கலந்திருக்கும்.

மூன்றாம் படி, சூடு. இன்வர்டேஸ் 50 பாகை செல்சியஸ் அளவான வெப்பத்தைச் சிறிது நேரம் தாங்கும். பிற புரதங்களுட் பல தாங்காது திரிந்து வீழும். நான்காம் படி, குளிர்நிலையிற் சாராயம் சேர்த்து வீழ்படிவாக்கல். பெர்த்தெலோ கையாண்ட முறையே இது. ஐந்தாம் படி, நுண்துளைப் பையிலிட்டு நீரில் ஊறவைத்து உப்பு முதலிய சிறு பொருள்களை வெளியேற்றல். ஆறாம் படி, மின்னேற்றம் உடைய செல்லுலோஸ் நிரப்பிய குழாயின்வழிச் செலுத்தல். 1956-இல் நடைமுறைக்கு வந்த இம்முறையில், புரதங்கள் தத்தம் மின்னேற்றத்திற்கு ஏற்பப் பற்றிக்கொண்டு, உப்பின் செறிவு ஏற ஏற ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிவரும். ஏழாம் படி, 1959-இல் வந்த செபடெக்ஸ் போன்ற கூழ்மணிகளூடே செலுத்தி, பருமையால் வேறுபடுத்தல். பெரியவை முன்னும் சிறியவை பின்னுமாக வரும்.

இப்படிகளுக்கெல்லாம் பொதுவானதொரு விதியினை ஆய்வுக்கூட மாணவர் முதல்நாளே கற்பர். எந்தப் படியிலும் நீக்கிய பகுதியைக் கொட்டிவிடலாகாது என்பதே அது. நொதி எப்பகுதியிற் சென்றது என்பதனை அளந்து முடிவு காணுமளவும், வேண்டாதது எனத் தோன்றும் பகுதியையும் குளிரில் வைத்துக் காத்தல் வேண்டும்.

தூய்மையை அளத்தல்

ஒவ்வொரு படியிலும் இரண்டு அளவைகள் எடுக்கப்பெறும். ஒன்று, நொதியின் வினை. 1961-இல் அனைத்துலக நொதி ஆணையம் வகுத்த வரையறைப்படி, குறித்த நிலைமைகளில் ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் வினைப்படுபொருளை மாற்றும் நொதியின் அளவு ஓர் அலகு. மற்றொன்று, கரைசலிலுள்ள மொத்தப் புரதத்தின் எடை. இதனை அளக்க 1951-இல் லோரி முறையும், 1976-இல் பிராட்ஃபோர்டு முறையும் தோன்றின. முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் ஈவினை, அஃதாவது ஒரு மில்லிகிராம் புரதத்திற்கு எத்தனை அலகு என்பதனை, 'தன்வினைத்திறன்' எனலாம். தூய்மையின் அளவை இதுவே.

விளக்கத்தின்பொருட்டு யாம் அமைத்துக்கொண்ட எண்களால் இதனைக் காட்டுதும். முதற்சாற்றில் 1000 மில்லிகிராம் புரதமும் 2000 அலகு வினையும் இருப்பின், தன்வினைத்திறன் 2. சூடாக்கிய பின் புரதம் 400, வினை 1800 எனின் அது 4.5. சாராயப் படிவிற்குப் பின் புரதம் 90, வினை 1350 எனின் அது 15. மின்னேற்றக் குழாயைக் கடந்தபின் புரதம் 9, வினை 900 எனின் அது 100. தொடக்கத்தினும் தூய்மை 50 மடங்கு உயர்ந்தது. ஆனால், தொடக்கத்தில் இருந்த 2000 அலகில் 900 மட்டுமே கைக்கு வந்தது; விளைச்சல் நூற்றுக்கு 45. எஞ்சிய 55 பங்கு, தூய்மைக்காக நாம் கொடுத்த விலை.

ஆய்வாளர் இவ்விரு எண்களையும், அஃதாவது தூய்மை எத்துணை மடங்கு உயர்ந்தது என்பதனையும், விளைச்சல் எத்துணை எஞ்சியது என்பதனையும், ஒரே அட்டவணையில் பக்கத்திற் பக்கமாகத் தருதல் மரபு. தூய்மையை மட்டும் கூறி இழப்பை மறைத்தல் குற்றமெனக் கருதப்பெறும். மேலும் மேலும் தூய்மை செய்தும் தன்வினைத்திறன் உயராது ஓரிடத்தில் நிலைத்துவிடின், தூய்மை எய்தியது எனக் கொள்ளலாம். அதன்பின்னும் ஒரு படியை ஏற்றினால், நீங்குவது மாசன்று, நொதியே.

வில்ஸ்டேட்டரின் பிழை

இவ்வளவையின் அருமை, அதனைத் தவறாகப் பொருள்கொண்ட ஒருவரால் நன்கு விளங்கும். பச்சையம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1915-இல் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், பின்னர் நொதிகளைத் தூய்மை செய்வதில் ஈடுபட்டார். இன்வர்டேஸும் அவர் ஆராய்ந்த நொதிகளுள் ஒன்று. அவர் தூய்மை செய்து செய்து, கரைசலில் புரதத்திற்குரிய சோதனைகள் எவையும் விடை தராத நிலையை எய்தினார். ஆயினும் நொதியின் வினை மட்டும் எஞ்சியிருந்தது. இதனால் அவர், நொதி என்பது புரதமன்று. புரதம் வெறும் சுமப்பான். அதன்மேல் ஏறியிருக்கும் அறியப்படாத சிறு பொருளே நொதி எனும் முடிவுக்கு வந்தார். அவருடைய பெருமதிப்பால் அக்கருத்து அறிஞரிடையே பரவிற்று.

பிழை எங்கே? அவருடைய கரைசலில் புரதம் இல்லாமற் போகவில்லை. அக்காலச் சோதனை கண்டறியும் எல்லைக்குக் கீழே சென்றது. நொதியின் வினையோ மிக நுண்ணிய அளவிலும் தெரியவல்லது. வினையை அளக்கும் கோல் நுண்ணிது. புரதத்தை அளக்கும் கோல் பருமையது. இரு கோல்களின் நுண்மையும் ஒவ்வாதபோது, பருங்கோலுக்கு அகப்படாததை 'இல்லை' எனக் கொண்டதே பிழையாயிற்று.

இதனை மறுத்தவர் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் சம்னர். இளமையில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். வாளவரை இனத்தைச் சேர்ந்த ஓர் அவரைவிதையினின்று யூரியேஸ் என்னும் நொதியைப் பிரிக்க 1917-இல் தொடங்கி, 1926-இல் அதனைப் படிகமாகவே பெற்றார். படிகம் முழுவதும் புரதமாக இருந்தது. அப்புரதமே நொதியாக இருந்தது. முதலிற் பலர் நம்பவில்லை. பின்னர் நார்த்ராப் என்பார் பெப்சின் முதலியவற்றையும் படிகமாக்கியபின் ஐயம் நீங்கிற்று. 1946-இல் சம்னர், நார்த்ராப், ஸ்டான்லி ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இயல்பறிதல்

தூய்மை செய்தபின் நொதியின் இயல்பை வரையறுத்தல் அடுத்த பணி. இலக்கண நூலார் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அஃது எவ்வெவ்விடத்து வரும், எதனோடு புணரும், எதனால் திரியும் என வகுப்பது போன்றது இது.

அமில கார நிலை முதலாவது. 1909-இல் கோபன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்பார் அமிலத்தன்மையை அளக்கும் பி.எச். என்னும் அளவையை வகுத்தார். அவ்வாராய்ச்சியில் அவர் கையாண்ட நொதிகளுள் இன்வர்டேஸும் ஒன்று. இன்வர்டேஸ் சிறப்பாகத் தொழிற்படுவது பி.எச். 4.5 அளவான மெல்லிய புளிப்பில். பதநீர் புளிக்கப் புளிக்க அதன் வேகம் ஏறுவதும், சுண்ணாம்பு அதனை நிறுத்துவதும் இதனாற் போதரும். வெப்பநிலையிற் சிறந்தது ஏறத்தாழ 55 பாகை செல்சியஸ். வெள்ளியும் பாதரசமும் இந்நொதியின் செயலைக் கெடுப்பன.

வினைப்படுபொருளின் செறிவு இரண்டாவது. 1913-இல் பெர்லினில் மிக்கேலிஸ் என்பாரும், கனடா நாட்டினின்று வந்த மாட் மென்டன் என்னும் பெண் அறிஞரும் இன்வர்டேஸைக் கொண்டு ஆராய்ந்து, நொதியியலின் அடிப்படைச் சமன்பாட்டை நிறுவினர். சர்க்கரை கூடக் கூட வேகமும் கூடும். ஆனால் ஓர் எல்லைக்குமேற் கூடாது. நொதிகள் அனைத்தும் அப்போது ஓய்வின்றித் தொழிற்படுகின்றன. உச்ச வேகத்திற் பாதியை எய்துதற்கு வேண்டும் சர்க்கரைச் செறிவு அந்நொதியின் இயல்பைக் காட்டும் எண். அவர்கள் கண்ட அளவின்படி அது லிட்டருக்கு ஏறத்தாழ 6 கிராம். பனஞ்சாற்றிலோ லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் உண்டு. ஆதலின், கலயத்தில் விழுந்த ஈஸ்டின் இன்வர்டேஸுக்கு வேலைக்குக் குறைவே இல்லை.

அவர்கள் வினையைக் குறித்த நொடியில் நிறுத்திப் போலாரிமீட்டரில் அளக்கும்பொருட்டு, கரைசலில் சோடாக்காரத்தைச் சேர்த்தனர். காரம் நொதியை நிறுத்தும் என்பதே காரணம். பெர்லின் ஆய்வுக்கூடத்துச் சோடாவும் பனைமேற் கலயத்துச் சுண்ணாம்பும் இவ்வகையில் ஒருதொழில் புரிவனவேயாம்.

எப்பிணைப்பை எப்பக்கத்தினின்று அறுக்கின்றது என்பது மூன்றாவது. ஈஸ்டின் இன்வர்டேஸ், ஃபிரக்டோஸ் பக்கத்தைப் பற்றிப் பிளப்பது. ஆதலின், ஃபிரக்டோஸை ஓரத்தில் உடைய ராஃபினோஸ் என்னும் சர்க்கரையையும் பிளக்கும். தேனீயின் நொதியோ குளுக்கோஸ் பக்கத்தைப் பற்றுவது. குற்றால மலைத்தேனிலும் புளித்த பதநீரிலும் சுக்ரோஸ் இரண்டாகப் பிளந்தே காணப்பெறும்; ஆயினும் பிளந்த நொதிகள் வேறு. விளைவு ஒன்றாயிருத்தலின் வினைமுதலும் ஒன்றே எனல் பொருந்தாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாம்.

மாசா, உறுப்பா?

இவ்வரலாற்றில் யாம் மிகவும் கருதத்தக்கதாகக் கொள்வது இனிக் கூறுவது. இன்வர்டேஸைத் தூய்மை செய்தோர்க்கு நெடுங்காலம் இடராக நின்றது 'ஈஸ்டுப் பிசின்' எனப்பட்ட மன்னான். இது மானோஸ் என்னும் சர்க்கரைகளின் தொடர். எத்துணை முயன்றும் அதனை முற்றும் நீக்க இயலவில்லை. நொதி செல்லும் இடமெல்லாம் அதுவும் உடன் சென்றது. அதனை விடாப்பிடியான மாசென்றே கருதினர்.

1967-இல் நியூமன், லாம்பன் ஆகிய இருவர் இந்நொதியை நன்கு தூய்மை செய்து ஆராய்ந்து, அதன் மூலக்கூற்று எடை ஏறத்தாழ 2,70,000 என்றும், அவ்வெடையிற் செம்பாதி மன்னானே என்றும் கண்டனர். அடுத்த ஆண்டில், செல்லின் உள்ளேயே தங்கும் மற்றொரு வடிவம் ஆராயப்பெற்றது. அதன் எடை ஏறத்தாழ 1,35,000. அதில் சர்க்கரைத் தொடர் இல்லை. ஆகவே, மாசென்று கருதியது வெளிவடிவத்தின் உறுப்பாகவே முடிந்தது. 1982-இல் கார்ல்சன், பாட்ஸ்டைன் ஆகியோர், இவ்விரு வடிவங்களும் ஒரே மரபணுவினின்று எழும் இருவேறு செய்திப்படிகளால் ஆவன என்று காட்டினர். வெளியே அனுப்பப்பெறும் வடிவம், செல்லை விட்டுச் செல்லும் வழியிற் சர்க்கரைத் தொடர்களைப் பெறுகின்றது.

அச்சர்க்கரையால் ஆகும் பயன் யாது? பின்னாளில் வேறொரு நொதியின் துணையால் மன்னானைப் பெரும்பகுதி களைந்து பார்த்தனர். சுக்ரோஸைப் பிளக்கும் வினை பெரிதும் குன்றவில்லை. ஆயின், புரதத்தைச் சிதைக்கும் பொருள்களை எதிர்த்து நிற்றலும், குலைந்தபின் மீண்டும் தன் வடிவை எய்துதலும் ஆகிய வன்மைகள் குன்றின. வினைக்கு வேண்டாததாயினும் நிலைபேற்றுக்கு அது வேண்டப்பட்டது.

இன்னுமொன்று. புரதங்களைக் கூழில் மின்புலத்தால் ஓடவிட்டுத் தூய்மையைச் சோதிக்கும் முறையில், தூய புரதம் ஒற்றைக் கூரிய பட்டையாகத் தோன்றுதல் வழக்கம். இன்வர்டேஸின் வெளிவடிவமோ அகன்று மங்கிய பட்டையாகத் தோன்றும். அதன் மூலக்கூறுகள் ஏற்றுள்ள சர்க்கரையின் அளவு ஒன்றற்கொன்று வேறுபடுதலே காரணம். இயல்பறியாதார் இதனைக் கலப்பென்றே கருதுவர். பன்மை இருக்குமிடமெல்லாம் கலப்பு உண்டென்பதில்லை. 2013-இல் எக்ஸ்-கதிர்கொண்டு இதன் முழு வடிவும் காணப்பெற்றபோது, எட்டு அலகுகள் கூடிய ஓர் அமைப்பு வெளிப்பட்டது.

முடிவுரை

இனி, முதற்கண் எழுப்பிய வினாவிற்கு மீள்வோம். இரசிகமணியார் கம்பனைப் படித்த முறை, வினையை மட்டும் அளந்த முறை எனலாம். செய்யுள் உள்ளத்தில் நிகழ்த்தும் வினையைத் தம் நுண்ணுணர்வால் அவர் அறிந்தார். அவ்வுணர்வின் கூர்மையை மறுப்பார் இலர். ஆனால், சுவை தோன்றாவிடத்துக் கம்பன் இல்லை என முடிவு செய்தல், அளக்கும் கோலுக்கு அகப்படாததை இல்லை எனக் கொள்ளுதலோடு ஒக்கும். மறுபுறம், சுவடிகளில் உள்ளன அனைத்தையும் எண்ணித் தொகுத்து, இதுவே கம்பன் எனல், புரதத்தின் எடையை மட்டும் நிறுத்து நொதி கண்டேம் என்பதனோடு ஒக்கும். இரண்டையும் அளந்து ஒன்றோடொன்று வைத்து நோக்குவதே நெறி. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளோடு வெளியிட்ட கம்பராமாயணப் பதிப்பில், ஏற்காத பாடமும் கொட்டப்படாது பக்கத்தின் அடியிற் காக்கப்பெற்றுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

நூலாராய்ச்சி ஆய்வுக்கூடத் தொழிலாகிவிடும் என்பது எம் கருத்தன்று. செய்யுளின் சுவைக்கு அலகு வகுக்க இயலாது. எனினும், நொதி ஆய்வாளர் கைக்கொள்ளும் மூன்று ஒழுக்கங்களை நாமும் கைக்கொள்ளத் தடையில்லை. நீக்கியதைக் கொட்டாது வைத்தல் ஒன்று. எத்துணை இழந்தோம் என்பதனை எழுதிக் காட்டுதல் மற்றொன்று. விடாது உடன்வரும் ஒன்றை மாசென்று துணியுமுன், அஃது உறுப்பாயிருத்தல் கூடுமோ என ஒருமுறை வினவுதல் மூன்றாவது. பதிப்புத்துறையிலும் ஆய்வேட்டுப் பணியிலும் புகும் மாணவர் இம்மூன்றனையும் மனத்திற்கொள்வாராயின், இக்கட்டுரை எழுதிய உழைப்பு பயனுடையதாகும்.